புகையைப் பார்க்காமல் பம்பைக் கழற்றாதீர்கள்

பி.காம் படிக்கிறவனுக்கு லாரி இன்ஜினில் என்ன வேலை என்று வகுப்பு மக்கள் கேட்பீர்கள். கேளுங்கள் :-) காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இல்லாத உதாரணம் ஒன்று எங்கள் மாமாவின் லாரியில் கிடைத்தது, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் லாரி குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் நம்மூரில் நடப்பது பழுது பார்த்தல் இல்லை, பாகம் மாற்றுதல். முதலில் பேட்டரி. அப்புறம் செல்ஃப் மோட்டார். அப்புறம் பம்ப். எதுவும் சரிப்படவில்லை என்றால் "இன்ஜின் வேலை வைக்கணும்" என்று ஒரு தீர்ப்பு. இந்த வரிசை விலை ஏறும் வரிசைதானே தவிர, காரணம் தேடும் வரிசை இல்லை.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில், பதினேழில் ஒரு பங்காக அழுத்தினால் அது 500 டிகிரிக்கும் மேலே சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் மேட்டர். பழைய மாட்டடோர் வேனில் உதவிக்கு ஹீட்டர் பிளக் இருந்தது. நம்மூர்ப் பழைய பெரிய லாரிகளில் பெரும்பாலும் அதுவும் இல்லை. ஆகவே லாரி ஸ்டார்ட் ஆக மூன்று விஷயம் வேண்டும்: இன்ஜின் போதுமான வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று கசியாமல் அழுத்தப்பட வேண்டும், டீசல் சரியான நேரத்தில் வந்து சேர வேண்டும். குளிர் இந்த மூன்றையும் கெடுக்கும். பேட்டரி சோர்ந்துவிடும், ஆயில் கெட்டியாகும், அழுத்திய காற்றின் சூட்டைச் சில்லென்ற சிலிண்டர் சுவர் உறிஞ்சிவிடும். ஊட்டி மாதிரி 2,240 மீட்டர் உயரம் என்றால் காற்றழுத்தமே சமவெளியை விடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. இழுக்கிற காற்றே குறைச்சல்.

இந்த மூன்றில் எது கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காசு செலவில்லாத கருவி ஒன்று இருக்கிறது. சைலன்சர். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் பின்னால் போய் நின்று புகையைப் பார்க்கட்டும். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து பச்சை டீசல் வாடை அடித்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை என்று அர்த்தம். சூடு போதவில்லை. இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா, கம்ப்ரஷன் போய்விட்டதா, நாசில் தூவாமல் ஒழுகுகிறதா, டைமிங் தள்ளியிருக்கிறதா என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் இன்னும் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. இந்த இரண்டும் இரண்டு வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் காசுதான் கரையும்.

மாமா கதைக்கு வருகிறேன். அவர் லாரி இருபது வருடப் பழசு. ஊட்டியில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவார். ராத்திரி மேலே தங்கல், விடிவதற்குள் கிளம்ப வேண்டும். ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் அதே கேரட்டுக்கு வேறு விலை, சரக்குக்காரர் முகத்திலும் வேறு களை. போன மார்கழியில் வண்டி தினமும் தகராறு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பேட்டரியும் மாற்றினார்கள். சரியாகவில்லை. செல்ஃபைக் கழற்றி வேலை பார்த்தார்கள். அதிலும் சரியாகவில்லை. "பம்ப் போயிருச்சுங்ணா, கழட்டிக் கேலிபரேஷன் போட்டாத்தான் ஆகும்" என்றார் மெக்கானிக். மாமா கடன் கேட்க ஆரம்பித்த நேரம் அது.

லோடு ஏற்றும் இடத்தில் இருந்த ஒரு வயசான டிரைவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஏனுங்க, செல்ஃப் அடிக்கறப்ப பொகை வருதுங்களா?" அதுவரை யாருமே பார்க்கவில்லை! பார்த்தால் புகையே இல்லை. அவர் பானட்டைத் திறந்து ஃபீட் பம்பில் இருக்கிற ஹேண்ட் பிரைமரை இருபது முப்பது தடவை அமுக்கினார். அடுத்த செல்ஃபுக்கு வண்டி எடுத்துக்கொண்டது.

நடந்தது என்னவென்றால், டேங்கில் இருந்து ஃபீட் பம்புக்கு வரும் லைனில் ஒரு செம்பு வாஷர் தேய்ந்திருந்தது. இழுக்கிற பக்கம் என்பதால் அந்த இடத்தில் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஊட்டியில் வண்டி நிற்பது மூக்கு மேல் நோக்கிய ஏற்றத்தில். ராத்திரி முழுக்க லைனில் இருந்த டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் பம்ப் இழுப்பது வெறும் காற்று. மேட்டுப்பாளையத்தில் சமதரையில் நின்றால் அந்த அளவுக்கு இறங்காது, தொல்லையும் இல்லை. எல்லோரும் பழியைக் குளிர் மேல் போட்டார்கள். பாவம் குளிர், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாஷர் விலையைக் கேட்டால் டீ வடைக் கணக்குதான் வரும்.

பம்ப் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பம்பின் உள் பாகங்கள் தேய்ந்திருந்தால் தொல்லை பெரும்பாலும் சூட்டில்தான் முதலில் தெரியும். சூடான டீசல் நீர்த்துப்போய்த் தேய்ந்த இடுக்கு வழியே கசிந்துவிடும். சாப்பிட நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காது, ஆறின பிறகு எடுக்கும். நேர்மாறாக, காலையில் மட்டும் முரண்டு பிடித்து அப்புறம் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிற வண்டியில் பம்பைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். கழற்றி மாட்டும்போது டைமிங் தவறினால் இல்லாத நோயும் வந்து சேரும்.

பேட்டரியும் அப்படித்தான். செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலே "பேட்டரி வீக்" என்கிறார்கள். ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். ஒரு வோல்ட்டை நெருங்கினால் குற்றவாளி எர்த் வயர். செல்ஃப் 300 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், துருப்பிடித்த முனையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே காலி. புது பேட்டரி போட்டாலும் அந்த 3 வோல்ட் திரும்பி வராது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வரும்.

உண்மையிலேயே இன்ஜின் தேய்ந்த வண்டிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை முட்டிக்கொண்டு வரும், ஆயில் குடிக்கும், வெள்ளைப் புகையும் இருக்கும். அப்போதும் முதலில் டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். வால்வு சீட் தேய்ந்து இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுசாக மூடாது, அதிலும் கம்ப்ரஷன் போகும். ஃபீலர் கேஜ் வைத்து ஒரு மணி நேர வேலை.

டீசலே உறைவது தனிக் கதை. நம் நாட்டுத் தரவிதியில் டீசலின் உறைநிலை வரம்பு குளிர்காலத்துக்கு 3 டிகிரி, கோடைக்கு 15 டிகிரி. லடாக்கில் இதை வைத்துச் சமாளிக்க முடியாமல்தான் 2019-ல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி தாங்கும் டீசலைத் தனியாக அறிமுகப்படுத்தியது. ஊட்டியில் உறைபனி விழும் ராத்திரிகளில் சமவெளி டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கலாம். அடையாளம்: வண்டி ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரத்தில் அமர்ந்துவிடும். மாமா வண்டியில் நடந்தது இது இல்லை.

2017-ல் பி.எஸ்.4 நாடு முழுக்க வந்தபிறகும், 2020-ல் பி.எஸ்.6 வந்தபிறகும், புது லாரிகளில் ஸ்கேனர் மாட்டினால் தப்பு எங்கே என்று அதுவே கோடு காட்டித் துப்பு கொடுக்கும். பழைய வண்டியில் அந்தக் கோடு புகைதான். அதைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், வண்டிகளோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக, டீசலில் நனைத்த துணியைக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் காட்டுகிற அண்ணன்மார்களுக்கு: வண்டி எடுக்கும், நானும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் லோடு, மேலே தார்ப்பாய், கீழே சிந்தின டீசல், இதையும் பார்த்திருக்கிறேன். ஈதர் ஸ்ப்ரே அடிப்பவர்களும் அப்படியே. அளவு மீறினால் ரிங் உடையும், ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அடித்தால் வெடிக்கவே செய்யும். நாளைக் காலை வண்டி எடுக்கவில்லை என்றால் முதலில் பிரைமரை முப்பது தடவை அமுக்கிப் பாருங்கள். அதற்கு யாரும் பில் போட மாட்டார்கள்.