வேலிக்கு உள்ளே பரீட்சை, வெளியே?

எங்க ஜவ்வாது மலையில கோடைக்காலத்துல காட்டுத்தீ பிடிச்சா, முதல்ல ஓடுறது ஒத்தையடிப் பாதை தெரிஞ்ச ஊர்க்காரன்தான். பச்சைத் தழையால அடிச்சு அணைப்பான். ஜீப்புல வர்ற அதிகாரிக்கு வழிகாட்டவே ஒரு ஆள் வேணும்.

இதை ஏன் சொல்றேன்னா, சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்ல கல்பாக்கம் இருக்கு. அங்கே அணுஉலையை இயக்குறவருக்குத் தேர்வு உண்டு, உரிமம் உண்டு. சரியான ஏற்பாடுதான். ஆனா கதிர்வீச்சு வேலியைத் தாண்டினா, பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு. 16 கிலோமீட்டர் வரைக்கும் தகவல் சொல்லி, அயோடின் மாத்திரை கொடுத்து, சனங்களை பஸ் ஏத்தணும். அதைச் செய்யப்போற தாசில்தாரும், விஏஓவும், பஸ் டிரைவரும் எந்தத் தேர்வு எழுதினாங்க? ஒத்திகை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அதுக்குள்ள ஆட்சியரே மாறிடுவார்.

2012-ல கூடங்குளம் ஒத்திகையை நக்கனேரிங்கிற சின்ன ஊர்ல நடத்தினாங்க. சனநெருக்கடியான இடிந்தகரையில இல்லை. சனம் எதிர்க்குற ஊர்னு ஒத்திகையை விடலாம், கதிர்வீச்சு அந்த ஊரை விட்டுடுமா?

ஊருக்குப் பத்து உள்ளூர்க்காரங்களுக்குப் பயிற்சி கொடுங்க. வருஷாவருஷம் சோதிங்க. யாருக்கு என்ன வேலைன்னு ஊராட்சி மன்றச் சுவத்துல பெயரோட எழுதிப் போடுங்க. வழி தெரியாத ஆளை நம்பி நாங்க மலைத்தீயையே விடமாட்டோம். நீங்க அணுஉலையை விட்டிருக்கீங்க.