பாலிடெக்னிக் என்றால் மட்டமா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் ஸ்ரீரங்கத்தில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் ஒரே விசாரணைதான்: "எந்த குரூப்?" பையனையோ பெண்ணையோ பாலிடெக்னிக்கில் சேர்க்கப் போவதாக யாராவது சொல்லிவிட்டால் கேட்டவர் முகம் சட்டென்று மாறும். "ஏன், மார்க் அவ்வளவுதானா?" என்பார். அது துக்கம் விசாரிக்கிற குரல்.

பொறியியல் படிக்க ப்ளஸ் டூதான் ராஜபாட்டை, பாலிடெக்னிக் தோற்றவர்கள் நுழையும் சந்து என்கிற நம்பிக்கை தமிழ்நாடு முழுக்க உண்டு. திருச்சியிலும் அது இருக்கிறது என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையும் திருவெறும்பூர் பெல் ஆலையும் சோறு போட்ட ஊர் இது. பெல்லுக்கு பாகங்கள் செய்துகொடுக்கும் சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் ஊரைச் சுற்றி எத்தனையோ. இன்று என்ஐடி என்று பெருமையோடு சொல்கிறோமே, அது ஆர்இசி-யாகத் தொடங்கியது 1964-ல். அரியமங்கலத்தில் சேஷசாயி பாலிடெக்னிக் வந்தது 1952-ல். இந்த ஊரில் மூத்தது டிப்ளமோ.

முதலில் வருஷக் கணக்கைப் பார்ப்போம். "பாலிடெக்னிக் போனால் ஒரு வருஷம் வீண்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பத்தாவதுக்குப் பிறகு ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருஷம், பி.இ. நாலு வருஷம், ஆக ஆறு. டிப்ளமோ மூன்று வருஷம், லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் பி.இ. மூன்று வருஷம், அதுவும் ஆறுதான். இதில் எந்த வருஷம் வீணானது?

என் கட்சியின் உயிர்நிலை வேறு இடத்தில் இருக்கிறது. ஆறு வருஷப் பாதையில் பாதி தூரத்தில் நிற்க ஓர் இடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. பி.இ. இரண்டாம் ஆண்டில் அப்பா படுத்துவிட்டால், கடை நொடித்துவிட்டால், ப்ளஸ் டூ வழி போன பிள்ளையின் கையில் மிஞ்சுவது ப்ளஸ் டூ சான்றிதழ் மட்டும். டிப்ளமோ முடித்தவர் அதே வயதில் ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ தகுதி கேட்கும் அரசு வேலைகளும் ஆலை வேலைகளும் அவருக்குத் திறந்திருக்கும். நிலைமை நன்றாக இருந்தால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் சம்பாதித்துக்கொண்டு பிறகு படிக்கலாம். மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது? வசதியானவர்கள் இதை யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டு, யோசித்தே ஆக வேண்டியவர்களும் யோசிக்காமல் விடுகிறார்கள்.

ப்ளஸ் டூவில்தான் ஆழமாகச் சொல்லித்தருகிறார்கள் என்பது அடுத்த வாதம். பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அதைத் தடுக்கவே 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் அரசுப் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஆழம் இதுதானா?

பாலிடெக்னிக் பணிமனையில் பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறது. இடுக்கில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ராவ வேண்டும். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் அளவு போய்விடும், போன இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது, புதுத் தகடு எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கை எரியும். ஆனால் நாளைக்கு இதே பிள்ளை பொறியாளராகி வரைபடத்தில் ஒரு அளவைக் குறிக்கும்போது, அந்த அளவைக் கொண்டுவரப் பட்டறையில் நிற்கிறவர் என்ன பாடு படுவார் என்று அதற்குத் தெரிந்திருக்கும். கட்-ஆஃப் இருநூற்றுக்கு இருநூறு வாங்கினாலும் இது தானாக வந்துவிடாது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மருத்துவம் வேண்டுமென்றால் ப்ளஸ் டூதான். என்ஐடி வேண்டுமென்றால் ஜேஇஇ, அங்கே டிப்ளமோக்காரர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டுக் கதவு கிடையாது. பதினைந்து வயதில் பிள்ளைக்கு எதில் நாட்டம் என்றே தெரியவில்லை என்றாலும் ப்ளஸ் ஒன்னில் போடுவதே நல்லது, ஏனென்றால் மெக்கானிக்கலா சிவிலா என்று பாலிடெக்னிக் சேரும்போதே முடிவு கேட்கும். உண்மையான இடர் கணிதத்தில்தான். மெக்கானிக்கலோ சிவிலோ, லேட்டரலில் சேர்ந்தவர் உட்காரும் முதல் பருவமே பி.இ.-யின் மூன்றாம் பருவம். ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் அங்கே காத்திருக்கும். முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமல் வந்தவர் திணறத்தான் செய்வார். இடைப்பட்ட கோடையில் தொகையிடலை உட்கார்ந்து போட்டுப் பழகினால் இதைத் தாண்டிவிடலாம். பல கல்லூரிகளில் யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. அரியர் விழுந்த பிறகு "லேட்டரல் பசங்களே இப்படித்தான்" என்று மட்டும் சொல்கிறார்கள்.

ஊர் மதிக்காததை அரசும் மதிக்காது. பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணியிடங்கள் 1,058-க்கு 2017 செப்டம்பரில் தேர்வு நடந்தது. மதிப்பெண்ணில் மோசடி நடந்தது அம்பலமாகி 2018 பிப்ரவரியில் அது ரத்தானது. மறுதேர்வு நடந்தது 2021 டிசம்பரில். இடையில் படித்து வெளியேறிய பிள்ளைகளுக்காக எத்தனை பேர் தெருவில் இறங்கினார்கள்? நீட் என்றால் வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கிற ஊரில் இது ஒரு நாள் செய்தியாகப் போயிற்று.

இன்னொரு அநீதியும் இருக்கிறது. 2022-ல் வந்த புதுமைப்பெண், 2024-ல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் மாதம் ஆயிரம் ரூபாய் தரும்போது டிப்ளமோவையும் உயர்கல்வியாகவே எண்ணுகின்றன. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் தரும் 2021 சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. பத்து வரை அரசுப் பள்ளியில் படித்து, அரசு பாலிடெக்னிக்கிலேயே டிப்ளமோ முடித்த பிள்ளை இதில் வராது. ஒரே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருந்த இருவரில் ப்ளஸ் ஒன் போனவருக்குக் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது, பாலிடெக்னிக் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. லேட்டரல் சேர்க்கைக்கும் இந்த ஒதுக்கீட்டை நீட்டிக்க வேண்டும். திருச்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

ஸ்ரீரங்கம் பெயரைத் தாங்கிய அரசு பாலிடெக்னிக்கும் அரசு பொறியியல் கல்லூரியும் இருப்பது காவிரிக்குத் தெற்கே, சேதுராப்பட்டியில். டிப்ளமோவை ஓரிடத்தில் முடித்து, பி.இ.-க்கு அதே ஊரில் இன்னொரு வளாகத்துக்குள் நுழையலாம். துவாக்குடியிலும் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. ப்ளஸ் ஒன்னுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பணிமனையைப் பாருங்கள். லேத்துகளில் எத்தனை ஓடுகின்றன, எத்தனை பழுதாகி நிற்கின்றன, விரிவுரையாளர் இடங்கள் எத்தனை காலி, போன வருஷம் எத்தனை பேர் லேட்டரலில் பி.இ. போனார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் ப்ளஸ் ஒன்னில் சேர்த்துவிடுங்கள். நேரில் பார்க்காமல், கேட்காமல், பக்கத்து வீட்டார் முகம் மாறுமே என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.