துடிப்பது கண்ணா, காலா?

இடது கண் துடித்தால் ஸ்திரீகளுக்கு நல்லது என்பார்கள் நம் திருநெல்வேலிப் பாட்டிமார்கள். நல்ல சேதி வருகிறதோ இல்லையோ, அந்தத் துடிப்பால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தால் அடங்கிவிடும். குறுக்குத்துறையில் துணி துவைத்து வந்த இரவு காலில் பிடிக்கும் குரக்குவலியும் நீவிவிட்டால் போய்விடும்.

ஆனால், கெண்டைக்காலில் தோலுக்கடியில் புழு நெளிவது போன்ற துடிப்பு, தூக்கத்திலும் ஓயாமல், வாரக்கணக்கில் நீடிக்கிறதா? இறுக மூடிய கை உடனே விரிய மறுக்கிறதா? வியர்வை பெருகுகிறதா? அப்படியானால், சகோதரி, தைலத்தோடு நின்றுவிடாதீர்கள். 1961-ல் ஐசக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க டாக்டர் விவரித்த வியாதியாக இருக்கலாம். கோளாறு தசையில் இல்லை. அதை ஏவும் நரம்பு, மூளையின் உத்தரவில்லாமலே ஏவிக்கொண்டிருக்கிறது. இதோடு தூக்கமும் போய், சித்தமும் கலங்கினால் அது மார்வன் நோய். அதை வெறும் மனக்கோளாறு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தசையில் மெல்லிய ஊசி செருகி மின்துடிப்பை அளந்தால் குட்டு வெளிப்படும். ரத்தத்தையும் சோதிப்பார்கள், மார்புக்குள் தைமஸ் கட்டி உண்டா என்றும் பார்ப்பார்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, சாப்பிடும் பஸ்பம், செந்தூரம், முகம் வெளுக்கப் பூசும் கிரீம் எல்லாவற்றையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். உடம்பில் பாதரசம் சேர்ந்தவர்களுக்கு இந்நோய் கண்டதை நம் நாட்டு டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் காரணமும் மறைந்துபோகும்.

பயம் வேண்டாம். வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகளே இந்தத் துடிப்பையும் அடக்குகின்றன. தாமதம்தான் வேண்டாம்!