ஆட்டம் விளையாட்டாகுமா?

நாட்டியத்தை விளையாட்டாகக் கொண்டு பாடசாலை விண்ணப்பங்களில் அதற்குப் புள்ளி வழங்கலாமா என்னும் வினா எழுந்துள்ளது. "இது நகரத்தார் பேசிப் பொழுதுபோக்கும் பேச்சு, பசறைக்கும் நமுனுகுலைக்கும் மடுல்சீமைக்கும் இதனால் ஆவதென்ன?" என்று கேட்போர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. உயர்தர வகுப்புக்கு நல்ல பாடசாலையை நாடும் மாணவர், பெறுபேற்றுடன் பிற திறமைகளுக்கும் சான்று காட்ட வேண்டிய காலம் இது. படிப்புக்குப் புறம்பான துறைகளில் தேசிய மட்டத்தில் சிறந்தோருக்குப் பல்கலைக்கழகங்களிலும் சிறப்பு அனுமதி உண்டு. ஆகவே, விண்ணப்பத்தின் ஒரு கட்டம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தொடுகிறது.

நாட்டியம் உடலை வருத்தாத கலை என்பதை நாம் ஏற்கமாட்டோம். அரைமண்டியில் அமர்ந்து மூன்று காலங்களிலும் அடவு செய்யும் சிறுமி எந்த ஓட்டக்காரனுக்கும் இளைத்தவள் அல்லள். பந்தையும் ஆடுகிறோம், பரதத்தையும் ஆடுகிறோம் என்றே தமிழும் சொல்கிறது.

ஆயினும் உழைப்பு ஒன்றே விளையாட்டின் இலக்கணம் அன்று. ஓட்டத்தை நொடிக்கணக்குத் தீர்க்கும். தாண்டுதலை அளவுநாடா தீர்க்கும். சீருடற்பயிற்சிக்கு நடுவர்தாமே புள்ளியிடுகின்றனர் என்பர். உண்மையே. ஆனால் அங்கே உடலின் தேர்ச்சியே பொருள். நாட்டியத்திலோ உடல் கருவி, அது உணர்த்தும் பாவமே பொருள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆம் ஆண்டு 'பிரேக்கிங்' என்னும் தெரு நடனம் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாயிற்று. 2028 ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பட்டியலில் அதற்கு இடமில்லை. அயல்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவன், வீட்டுக்காரன் சொன்னால் எழவேண்டியவனே.

நாட்டியத்துக்கு வேண்டுவது விளையாட்டின் வேடம் அன்று; விளையாட்டுக்கு நிகரான மதிப்பு. அளவிட வழியில்லை என்று எவரும் கூறவியலாது. சாதாரண தரப் பரீட்சையில் நடனம் ஒரு பாடம். அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டியில் நடனத்துக்கு இடமுண்டு. வட இலங்கைச் சங்கீத சபையும் தரந்தரமாகப் பரீட்சை நடத்துகிறது.

ஆனால் நமது கவலை இத்துடன் தீரவில்லை. அரங்கேற்றத்துக்கு ஆசிரியர், அணிகலன், பக்கவாத்தியம், மண்டபம் அத்தனையும் வேண்டும். கொழுந்து பறித்துப் பெறும் நாட்கூலியில் இது கைகூடுமா? சான்றிதழுக்கு மட்டுமே புள்ளி என்றால், முன்னரே உள்ளவர்க்கே மேலும் சேரும். விளையாட்டில் முந்தலாம் என்றால், மலைச்சரிவில் நிற்கும் தோட்டப் பாடசாலைகள் பலவற்றுக்கு ஓடிப் பழகச் சமதரை ஏது?

அப்படியெனில் தோட்டத்துப் பிள்ளைக்கு ஆட்டமே தெரியாதா? மாசியில் காமன் கூத்துத் தொடங்கினால், பகலெல்லாம் உழைத்தவர் இரவெல்லாம் ஆடுகின்றனர். ரதியும் மதனும் லயன் லயனாக ஆடி வர, தப்பின் அடிக்கு இளைஞர் கால் தவறுவதில்லை. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இவ்வாறே தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தரப்பட்டவை. இவற்றை ஆடியவனின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. இது நீதியா?

நாம் கோருவன மூன்று. கலைக்குத் தனிக் கட்டமும், விளையாட்டுக்கு ஒத்த புள்ளியும் வேண்டும். ஊவாத் தோட்டப் பாடசாலைகளுக்கு நடன ஆசிரியர்கள் நியமிக்கப்பட வேண்டும். கூத்தும் தப்பும் கலையெனக் கணக்கிடப்பட்டு, கூத்து வாத்தியார்களையும் நடுவராகக் கொண்டு வலயக் கல்விப் பணிமனைகள் சான்று வழங்க வேண்டும்.

கூத்துக்குப் போனால் படிப்புக் கெடும் என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் சற்றுச் சிந்திப்பார்களாக. லயன்களில் பிறந்து ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்தோர் இக்கோரிக்கையை மாகாண சபையிலும் கல்வி அமைச்சிலும் எடுத்துரைக்க முன்வர வேண்டும். அடுத்த ஆண்டு விண்ணப்பம் அச்சேறுமுன் இது முடிவாதல் நன்று.