துரை வீட்டுப் புல்லும் நம் வீட்டு நொச்சியும்

சிவகாசி வட்டாரத்துக் கழகத் தோழர் ஒருவர், அச்சகத் தொழிலாளி. இருபத்தைந்து ஆண்டு மை படிந்த கையோடு உழைத்து, கடனும் உடனும் வாங்கி, சிறு வீடொன்று கட்டி முடித்தார். புதுமனை புகுவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார். புரோகிதர் இல்லை, புகை இல்லை. தலைவர்கள் படம் இருந்தது, தமிழ் இருந்தது. மகிழ்ந்தேன்.

விருந்து முடிந்ததும், "தம்பி, தோட்டத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று கொல்லைப்புறம் அழைத்துச் சென்றார். ஒரு சென்ட் நிலம். அது நெடுகிலும் பச்சைப் புல்! பாயைச் சுருட்டிக் கொண்டுவருவது போல வண்டியில் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனார்களாம்.

"எதற்கு அண்ணே இந்தப் புல்?" என்றேன்.

"முதலாளி வீட்டில் இருக்கிறது, தம்பி. நம் வீட்டில் இருந்தால் என்ன?" என்றார்.

நியாயமான கேள்வி! அவனுக்கு உள்ளது நமக்கும் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் நாம். வாயடைத்து நின்றேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணீர் லாரியின் ஊதல் கேட்டது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அண்ணியார், கரண்டியைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எட்டுக் குடம் கிடைத்தது அன்று. எனக்கும் விடை கிடைத்தது.

கணக்குப் போடுங்கள், தோழர்களே! கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் வேண்டும். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆக 200 லிட்டர்! பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் பதின்மூன்று குடம்! வீடு குடிக்க எட்டு. புல் குடிக்கப் பதின்மூன்று! புல்லா எசமான்? வீட்டுக்காரி வேலைக்காரியா?

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-ஆம் ஆண்டுக் கோடையை மறந்துவிட்டோமா? சென்னைக்குக் குடிநீர் தந்த ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர்! தலைநகரத்தின் தாகத்துக்கே தண்டவாளம் தேவைப்பட்ட நாட்டில், தரைக்குப் போர்த்தப் பச்சைக் கம்பளமா?

இந்தப் புல்தரை யார் வீட்டுச் சொத்து? ஆண்டு முழுதும் தூறல் விழும் நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை, தன் ஊர் நினைவாகப் பங்களா முன் புல்லை வளர்த்தான். அவனுக்குத் தண்ணீர் ஊற்ற நம் தோட்டக்காரன் இருந்தான். தோட்டக்காரனுக்குக் கூலி அரைவயிறு. 1947-இல் துரை போனான். அவன் விரித்த புல் போகவில்லை! முதலாளியின் வீண்செலவைப் பார்த்து எழுதுவதற்குப் பெயர் சமத்துவமா? அவன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் நம் வீட்டுக் குழாயிலும் வரவேண்டும், அதுதான் சமத்துவம்!

செடிக்கு நமக்கா பஞ்சம்? நிலத்துக்கே பூவின் பெயரைச் சூட்டியவன் தமிழன்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல்! ஒரே பாட்டில் 99 மலர்களை அடுக்கினார் கபிலர். ஆநிரை கவர்ந்தவன் வெட்சி சூடினான்; வென்றவன் வாகை சூடினான்; மதிலைக் காத்தவன் நொச்சி சூடினான். அந்த நொச்சி இன்று ஓடைக்கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது. நம் வீட்டு மதிலோரம் மட்டும் அதற்கு இடமில்லை!

ஒரு தோழர் என்னை மடக்கினார்: "பிறப்பைக் கேட்காதே என்பது நம் கொள்கை. நீ செடிக்குப் பிறப்புக் கேட்கலாமா?" கூர்மையான கேள்வி. பிறப்பைக் கேட்கவில்லை, தோழரே, நடத்தையைக் கேட்கிறேன்! மிளகாய் கடல் கடந்து வந்தது. நிலக்கடலையும் அப்படித்தான் வந்தது. உழவனுக்குச் சோறு போட்டன, உறவாகிவிட்டன. சீமைக்கருவேலமும் வந்தது, 1877 வாக்கில். கரிமூட்டம் போடும் ஏழைக்கு அது கூலி கொடுத்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் கண்மாயில் புகுந்தது, வரத்துக்காலை அடைத்தது, தன் நிழலில் பிறசெடி தழைக்க விடவில்லை. அதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட நேர்ந்தது. உண்ணிச்செடியைப் பாருங்கள்! பூ அழகென்று பூந்தோட்டத்தில் வெள்ளையன் வைத்தான். இன்று முதுமலைக் காட்டுக்குள் யானைக்கும் மானுக்கும் உரிய புல்லை அது மறைத்து நிற்கிறது. வீட்டுத் தோட்டத்தில் செய்யும் பிழை வேலியோடு நிற்பதில்லை.

சரி, என்ன நடுவது? காசு கேட்காதவற்றையே சொல்கிறேன். வேலிக்கு நொச்சி, ஆடாதோடை, கிளுவை. குச்சியை ஒடித்து ஊன்றினால் துளிர்க்கும். ஆடு நொச்சியை விரும்பாது, ஆடாதோடையைத் தொடாது. வெயில் தின்னும் மூலையில் ஆவாரை. விதை தூவினால் போதும், மஞ்சளாய்ப் பூக்கும், வண்ணத்துப்பூச்சிக்கு வீடாகும். சமையலுக்கு முருங்கையும் கறிவேப்பிலையும்; குளிக்கும் தண்ணீரை முருங்கைக்குத் திருப்புங்கள். வேலியில் பிரண்டையும் தூதுவளையும் ஏறட்டும். வாசலில் ஒரு முல்லை. பாரியைப் போலத் தேர் கொடுக்க வேண்டாம், ஒரு கொம்பு கொடுங்கள்! இடமிருந்தால், சுவரைவிட்டுத் தள்ளி ஒரு வேம்பு.

நடும் காலம் புரட்டாசி. இரண்டடிக் குழி, மக்கிய சாணம், சுற்றிலும் வட்டப் பாத்தி, அதன்மேல் சருகு. சருகைக் கொளுத்தாதீர்கள்; மண்ணின் ஈரத்துக்கு அதுதான் போர்வை. மரக்கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடை மட்டும் அளவாக ஊற்றுங்கள். பிறகு மழையே பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. ஒரு சென்டில் விழுவது 32,000 லிட்டர். இரண்டாயிரம் குடத்துக்கு மேல்! சிமென்ட் பூசிய முற்றம் அதைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. செடி நிற்கும் மண் அதைக் குடித்துச் சேமிக்கிறது.

"செடி வைத்தால் பாம்பு வரும்" என்பார்கள் வீட்டில். பாம்பு தேடி வருவது எலியை. எலி தேடி வருவது குப்பையை, செங்கல் குவியலை. அவற்றை அகற்றுங்கள், செடியின் அடியைச் சுத்தமாக வைத்திருங்கள். அச்சத்துக்கு மருந்து துடைப்பம், சிமென்ட் அல்ல!

அந்த அச்சகத் தோழர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அடுத்த சித்திரையில் புல் காய்ந்தது, அவர் ஊற்றவில்லை. ஐப்பசியில் எனக்கு ஆள் அனுப்பினார்: "தம்பி, நொச்சிக் குச்சி வேண்டும்." ஒரு கட்டு கொண்டு போனேன். நட்டுக்கொண்டிருந்தபோது அண்ணியார் சொன்னார்: "இனிமேல் என் குடம் எனக்கே!"

ஆயிரம் மேடையில் நான் பேசியதைவிட அந்த ஒரு சொல் பெரிது. கிளைக் கழகத் தோழர்களே! இந்தப் புரட்டாசியில் கொடிக்கம்பத்தின் அருகே ஒரு நொச்சி, கொல்லையில் ஓர் ஆவாரை. நம் மண்ணில் விழும் மழை நம் மண்ணுக்கு! நம் பெண்கள் சுமக்கும் குடம் நம் பிள்ளைகளுக்கு!