சாரத்திலிருந்து விழுந்தால்...

வீடு கட்டும் சகோதரிகளே, முதலுதவி உங்கள் கையிலும் இருக்கிறது. போன மாதம் எதிர்வீட்டு மாடி வேலையில் ஒரு சித்தாள் சாரத்திலிருந்து விழுந்துவிட்டாள். "தூக்கி உட்கார வைங்க, சோடா குடுங்க!" என்று ஆளாளுக்குக் கூச்சல். (கூட்டம் கூடினால் எல்லாரும் டாக்டர்தான்!) "தொடாதீங்க" என்று தடுத்தேன். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், புரட்டித் தூக்கும்போது தண்டுவடம் நசுங்கிக் கை கால் விழுந்துவிடும். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். தலை அசையாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு, 108-க்குச் சொல்லச் சொல்லுங்கள். ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்துங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், தண்ணீர்கூட வேண்டாம்.

அவளுக்கு இடுப்பெலும்பு முறிவு. கூலியும் போச்சு. நம் தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, சித்தாளும் பதியலாம். உங்கள் வீட்டில் கல் சுமப்பவள் பதிந்திருக்கிறாளா, கேளுங்களேன்.