காவல் தவறியவர் யார்? கூண்டில் நிற்பவர் யார்?

வாசற்கதவின் சாவியைத் தன் மடியிலே முடிந்துகொண்ட காவல்காரன் உறங்கிவிட்டான். யார் வந்தார், எவர் போனார், எத்தனை பேர் தங்கினார் என்பது எவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குடையவன் பதறிப்போய், "காவல்காரனே! ஏன் உறங்கினாய்?" என்று கேட்டான். காவல்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் என்ன சொன்னான் தெரியுமா? "அது இருக்கட்டும், இது உன் வீடுதான் என்பதற்குப் பத்திரம் எங்கே? உன் தகப்பன் பத்திரம் எங்கே? அவர் பெயரிலே ஓர் எழுத்து ஏன் மாறியிருக்கிறது?" என்று வீட்டுக்காரனையே அதட்டினான்!

கட்டுக்கதை என்று எண்ணாதீர்கள், தோழர்களே! அசாம் மக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டதும், கொண்டதும், கண்ணீர் விட்டதும் இதுவேதான்.

1979. மங்கள்தோய் தொகுதியிலே இடைத்தேர்தல் வருகிறது. வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பார்க்கிறார்கள். நாட்டின் குடிகள் அல்லாதார் பெயர்கள் பல்லாயிரம் நுழைந்திருப்பதாகப் புகார்கள் குவிகின்றன. மாணவர்கள் பொங்கி எழுகிறார்கள். கடை அடைப்பு, மறியல், ஊர்வலம், சிறை என்று ஆறாண்டுக் காலம் ஓயாத கிளர்ச்சி. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் அந்தக் கிளர்ச்சியிலே உயிர் நீத்ததாக இயக்கத்தார் கணக்குச் சொல்கிறார்கள்.

அந்த மக்கள் கேட்டது என்ன? பொன்னா? பொருளா? மந்திரி பதவியா? "எங்கள் மண்ணிலே எங்கள் மொழி வாழ வேண்டும். நாளை நாங்களே இங்கு சிறுபான்மையாகிவிடக் கூடாது" என்றார்கள். வெறும் பிரமை என்று ஒதுக்கிவிடக் கூடியதா இந்த அச்சம்? பக்கத்திலேயே திரிபுரா இருக்கிறது. அந்த மண்ணின் பழங்குடி மக்கள், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. அதைக் கண்ட அசாமியன் அஞ்சாமல் இருப்பானா? அவன் அச்சத்தைக் கேலி பேசுவோர் உண்டு. நாம் அந்தக் கூட்டத்திலே இல்லை. மொழியை இழப்பது என்றால் என்ன என்பதை அறிந்தவர்கள் நாம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்தச் சாவி யார் மடியிலே இருந்தது?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பாருங்கள். குடியுரிமையும் அயல்நாட்டாரும் 17-ஆவது இனம். நாட்டுக்குள் வருதல், வெளியேற்றுதல், பாஸ்போர்ட், விசா ஆகியவை 19-ஆவது இனம். இரண்டும் மத்திய சர்க்காரின் பட்டியலிலே! எல்லைப் பாதுகாப்புப் படை டில்லியின் படை. அயல்நாட்டோடு பேச வேண்டியது டில்லி. அதிகாரம் அத்தனையும் அங்கே. அவதி அத்தனையும் இங்கே! ஆகவே, பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதிலே குழப்பத்துக்கு இடமே இல்லை.

டில்லி என்ன செய்தது? வரிசையாகப் பார்ப்போம்.

1983-லே, அசாமுக்கு மட்டும் பொருந்தும் தனிச் சட்டம் ஒன்று போட்டார்கள். கள்ளத்தனமாகக் குடியேறியவரைக் கண்டுபிடிக்கும் சட்டமாம்! 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை அந்தச் சட்டத்தின் கீழ் தொடங்கிய விசாரணைகள் 3,10,759. சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்று தீர்ப்பானவர் 10,015 பேர். வெளியேற்றப்பட்டவரோ 1,481 பேர்! மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்களே, அதுதான் இது. 2005-லே சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தையே செல்லாது என்று தள்ளிவிட்டது.

1985 ஆகஸ்ட் 15. பிரதமர் ராஜீவ் காந்தி காலத்திலே அசாம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1971 மார்ச் 24-க்குப் பின் வந்தவர் கண்டறியப்பட்டு வெளியேற்றப்படுவர். எல்லையிலே வேலி எழும். அசாமியரின் பண்பாட்டுக்கும் மொழிக்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு தரப்படும். எழுத்திலே எல்லாம் இனித்தது. எழுதிய மை உலர்ந்தது, ஏடு மஞ்சளாயிற்று. 29 ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரிலே, வேலியை முடியுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட வேண்டி வந்தது! 2024 அக்டோபரிலே மற்றொரு தீர்ப்பு. கண்டறியும் அமைப்பும் விசாரிக்கும் மன்றங்களும் போதுமானவை அல்ல என்று அப்போதும் நீதிபதிகள் குறைபட்டுக்கொண்டார்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்றாவது டில்லிக்குத் தெரியுமா? 2004-லே ஒரு மந்திரி பார்லிமெண்டிலே நாடு முழுதும் 1 கோடியே 20 லட்சம் என்றார்; பிறகு அந்தக் கணக்கிலிருந்தே பின்வாங்கினார்கள். 2016-லே மற்றொரு மந்திரி 2 கோடி என்றார். எண்ணிச் சொன்னார்களா, எண்ணாமல் சொன்னார்களா? சந்தைக் கடையிலே கத்திரிக்காய் விற்பவர்கூட தராசிலே நிறுத்துத்தான் விலை சொல்கிறார்!

காவல்காரன் உறங்கும் வீட்டிலே என்ன நடக்கும்? அண்டை வீட்டான் மீது ஐயம் பிறக்கும். ஐயம் பகையாகும். பகை கத்தி தூக்கும். 1983 பிப்ரவரியிலே, மக்கள் வேண்டாம் என்று மன்றாடியும், தேர்தலை நடத்தியே தீருவோம் என்று டில்லி பிடிவாதம் பிடித்தது. பிப்ரவரி 18 அன்று நெல்லியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சில மணி நேரத்திலே வெட்டி வீழ்த்தப்பட்டவர்கள், சர்க்கார் கணக்கிலேயே, 1,800-க்கும் மேல். வங்காளம் பேசும் முஸ்லிம் குடியானவர்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள்! தண்டிக்கப்பட்டவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. டில்லியின் மீது வந்த கோபம், டில்லியை நெருங்க முடியாமல், வயலிலே நாற்று நட்டவள் தலையிலே விழுந்தது. அந்தக் கொலைக்குப் பின்னாவது ஒரு அங்குலம் வேலி வளர்ந்ததா? ஒரு அசாமியச் சொல்லுக்கு ஆயுள் நீண்டதா? இல்லை, தோழர்களே, இல்லை!

அதற்குப் பின்னும் காவல்காரன் திருந்தவில்லை, கூண்டைத்தான் பெரிதாக்கினான். 2015 முதல் 2019 வரை குடிமக்கள் பதிவேடு என்ற பெயரிலே ஒரு மாநிலம் முழுவதையும் வரிசையிலே நிறுத்தினார்கள். விண்ணப்பித்தவர் 3 கோடியே 30 லட்சம். ஒவ்வொருவரும் 1971-க்கு முன் தம் முன்னோர் இங்கே இருந்ததற்கு ஏடு காட்ட வேண்டும். அந்த முன்னோருக்குத் தாம் வாரிசு என்பதற்கு மற்றோர் ஏடு காட்ட வேண்டும்.

பிரம்மபுத்திரா கரை புரண்டால் ஊரே போய்விடும் மண் அது. ஆற்றுத் திட்டிலே குடிசை போட்டு வாழ்பவன், வெள்ளம் வரும்போது பிள்ளையைத் தூக்குவானா, பத்திரத்தைத் தூக்குவானா? பள்ளிக்கூடம் பாராத பெண், பதினாறிலே வாழ்க்கைப்பட்டு வேற்றூர் போனவள், தகப்பனுக்குத் தான் மகள் என்பதை எந்தத் தாளைக் கொண்டு மெய்ப்பிப்பாள்? இறுதி நாட்களிலே, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊருக்கு உடனே விசாரணைக்கு வா என்று ஓலை போயிற்று. கூலி போயிற்று, கறவை மாடு போயிற்று, கடன் வந்தது.

2019 ஆகஸ்ட் 31-லே பட்டியல் வந்தது. விடுபட்டவர் 19,06,657 பேர். நாட்டின் ஜனாதிபதியாக இருந்த பக்ருதீன் அலி அகமதின் உறவினர்களே விடுபட்டார்கள் என்றால், படகோட்டியும் செங்கல் சுமப்பவனும் எம்மாத்திரம்? 288 கோடி ரூபாய் என்று தொடங்கிய செலவு, 2022 மார்ச்சுக்குள் 1,602 கோடியாக வீங்கியது என்று தணிக்கை அதிகாரியின் அறிக்கையே சொல்கிறது. இத்தனைக்கும் பிறகு, அந்தப் பட்டியலை ஏற்க முடியாது என்று சொன்னது யார்? அசாமை ஆண்ட அரசே! ஐந்தாண்டு கழித்து, 2024 ஆகஸ்டிலும், விடுபட்டவர் மேல்முறையீடு செய்வதற்கு வேண்டிய மறுப்புச் சீட்டுக்கூடக் கையில் கிடைக்கவில்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்தரத்திலே தொங்கியது 19 லட்சம் உயிர்.

பட்டியல் வந்த நான்கு மாதத்துக்குள், 2019 டிசம்பரிலே, குடியுரிமைத் திருத்தச் சட்டம். 1971 என்று அசாமியருக்குக் கொடுத்த வாக்கு, முஸ்லிம் அல்லாதாருக்கு மட்டும் 2014 ஆயிற்று. எல்லை தாண்டியவரை நாள் பார்த்துப் பிரிப்பதாகச் சொன்னவர்கள், மதம் பார்த்துப் பிரித்தார்கள். அசாம் மீண்டும் கொதித்தது. மீண்டும் துப்பாக்கி வெடித்தது. அதே சட்டத்திலே பாகிஸ்தான் உண்டு, ஆப்கானிஸ்தான் உண்டு, வங்கதேசம் உண்டு, இலங்கை இல்லை! 1983 முதல் குண்டுக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்து முகாம்களிலே முடங்கிய ஈழத்தமிழன், டில்லியின் ஏட்டிலே நெடுங்காலம் சட்டவிரோதக் குடியேறியாகவே இருந்தான்.

பத்திரம் கேட்டு மனிதனைப் பாழாக்கும் வித்தை தமிழனுக்குப் புதிதா? 1948-லே இலங்கை போட்ட சட்டம், தேயிலைத் தோட்டத்திலே தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழரைப் பார்த்து, "உன் தகப்பன் பிறந்தது இங்கேதான் என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்றுதான் கேட்டது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். கள்ளத்தோணி என்று ஏசப்பட்டார்கள். 1964-லே இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று அவர்களைப் பங்கு போட்டார்கள். அந்தச் சொல்லின் சூட்டை அறிந்த நாம், அதே சொல்லை இன்னோர் ஏழை மீது வீசலாமா?

உழைக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "வெளியார் வந்ததால் நம் கூலி குறைகிறது" என்று சொல்லும்போது, அதிலே உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை அது அல்ல. அவனைக் குறைந்த கூலிக்கு வைத்தவன் யார்? அவன் வாய் திறந்தால் போலீசிடம் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டி, பத்து மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கியவன் யார்? காண்ட்ராக்டரின் வாசலிலே யாராவது போய்ப் பத்திரம் கேட்டதுண்டா? ஊமையாக்கப்பட்ட தொழிலாளி பக்கத்திலே இருக்கும் வரை, பேசத் தெரிந்த தொழிலாளிக்கும் கூலி உயராது. இன்னொன்றும் பாருங்கள். 2025-லே, பிழைப்புக்காக வேறு மாநிலம் போன மேற்கு வங்காளத் தொழிலாளர்கள் சிலர், வங்காளம் பேசுகிறார்கள் என்ற ஐயத்திலே எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, பிறகு இந்தியர்களே என்று தெரிந்து திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். பேசும் மொழியே குற்றச்சாட்டாகிவிட்டால், வேற்றூரிலே வேலை செய்யும் எந்தத் தொழிலாளி நிம்மதியாக உறங்குவான்?

எல்லையைத் திறந்து போடு என்கிறோமா? இல்லை. சொல்வதைத் தெளிவாகவே சொல்கிறோம். எல்லையைக் காத்திடுக, அது காவல்காரன் கடமை. ஒருவர் அயலார் என்றால், அதை மெய்ப்பிக்கும் பாரம் சர்க்காரின் தோளிலே இருக்கட்டும். 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாரத்தை ஏழையின் தலையிலே வைத்தது; 2025-லே வந்த புதிய சட்டமும் அங்கேயே வைத்திருக்கிறது. அதை மாற்றிடுக. விசாரணைக்குக் காலக்கெடு வேண்டும். இல்லாதவனுக்கு இலவச வழக்கறிஞர் வேண்டும். வங்கதேசத்தோடு முறையாகப் பேசிடுக. தம்மவர் என்று அந்நாடு ஒப்புக்கொள்ளாத மனிதரை இரவிலே எல்லைக்கோட்டிலே தள்ளிவிட்டு வருவதற்கு அரசாட்சி என்றா பெயர்? அசாமியருக்கு 1985-லே கொடுத்த மொழிப் பாதுகாப்பை நிறைவேற்றிடுக. குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் முதலாளியைக் கூண்டிலே ஏற்றிடுக.

காங்கிரஸ் ஆண்டபோதும் வேலி முடியவில்லை; பாரதிய ஜனதா ஆண்டபோதும் கணக்கு முடியவில்லை. தேர்தல்தோறும் ஊடுருவல் பற்றிய முழக்கம் மட்டும் முடிந்தபாடில்லை! நோய் தீர்ந்துவிட்டால் வைத்தியருக்கு வருமானம் ஏது?

கோபம் கொள்வது குடிமகனின் உரிமை. கோபமற்ற குடிமகன் ஆள்வோருக்குத் தலையணை. ஆனால் கோபத்துக்கு ஒரு விலாசம் வேண்டும். விலாசம் தவறிய கடிதம் போய்ச் சேராது. விலாசம் தவறிய கோபமோ அப்பாவியின் குடிசையைக் கொளுத்திவிட்டுத்தான் அணையும். ஆற்றுத் திட்டிலே பத்திரத்தைத் தேடித் துழாவுகிறவன் அல்ல அந்த விலாசம். சாவியை மடியிலே வைத்திருக்கும் டில்லிதான் அந்த விலாசம். அங்கே போய்க் கேட்போம்; உரத்துக் கேட்போம்; ஒன்றாய்க் கேட்போம்!